கர்னல் கேட்கும் கம்பைலர்

இணையம் எட்டாத சர்வர் அறைகளுக்கு டிரைவர் கட்டித் தருவது என் தொழில். ஆய்வுக்கூடம், மின் வலையமைப்புக் கட்டுப்பாட்டு அறை, பணப் பரிவர்த்தனை நடக்கும் தரவு மையம் என்று இடங்கள் பலவிதம். உள்ளே இருக்கும் எந்த இயந்திரத்துக்கும் வெளி உலகத்தோடு தொடர்பு இல்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் பொது. வாசலில் சோதனை முடிந்த வட்டில் இருப்பது மட்டும் உள்ளே போகும். போன பிறகு ‘ஒரு பேக்கேஜ் விட்டுப்போச்சு’ என்றால் மறுபடி அனுமதிக் கடிதம், மறுபடி வைரஸ் சோதனை, மறுபடி கையெழுத்து. சில இடங்களில் இதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

நான் கொண்டுபோவது பெரும்பாலும் கன்டெய்னர் இமேஜ். ஜிபியு அட்டைக்கோ வேகமான நெட்வொர்க் அட்டைக்கோ வேண்டிய டிரைவரின் சோர்ஸ், அதைக் கட்டத் தேவையான கருவிகள் எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். அங்கேயே கம்பைல் செய்து, கிடைக்கும் கர்னல் மாட்யூலை அங்குள்ள லினக்ஸில் ஏற்ற வேண்டும். கட்டி முடித்த மாட்யூலையே வட்டில் போட்டுக் கொடுத்துவிடலாமே என்று பலர் கேட்பார்கள். பல இடங்களில் அதை ஏற்க மாட்டார்கள். சோர்ஸ் அவர்கள் பார்வைக்குப் போக வேண்டும், அவர்கள் இயந்திரத்தில் கட்டப்பட வேண்டும், செக்யூர் பூட் இருந்தால் அவர்கள் வைத்திருக்கும் சாவியால்தான் மாட்யூலுக்குக் கையொப்பம் இட வேண்டும். அந்த விதி நியாயமானது. கர்னலுக்குள் நுழையும் ஒரு துண்டு, இயந்திரத்தின் மொத்த நினைவகத்தையும் தொடும் அதிகாரம் பெற்றுவிடுகிறது. அது எங்கே, எதைக் கொண்டு கட்டப்பட்டது என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

கன்டெய்னர் பழகியவர்கள் இந்த வேலைக்கு வந்தால் முதலில் தடுமாறுவது ஓரிடத்தில்தான். கன்டெய்னருக்குச் சொந்தமாகக் கர்னல் கிடையாது. அது ஓடும் இயந்திரத்தின் கர்னலையே பகிர்ந்துகொள்கிறது. பைதான், ஜாவா, டேட்டாபேஸ் எதுவாக இருந்தாலும் இமேஜுக்குள் இருக்கும் லைப்ரரிகளோடு நிம்மதியாக ஓடிவிடும். அடியில் உள்ள கர்னல் எந்தப் பதிப்பு என்று பெரும்பாலும் கவலைப்பட வேண்டாம். கன்டெய்னரின் புகழே இந்தக் கவலையின்மைதான். கர்னல் மாட்யூல் மட்டும் அதற்கு விலக்கு. கன்டெய்னருக்குள் பிறந்தாலும் அது வாழப்போவது வெளியே, அந்தக் கர்னலுக்குள்ளே. அதைக் கட்டும்போது இமேஜின் பழக்கவழக்கங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, போய்ச் சேர வேண்டிய கர்னலின் பழக்கவழக்கங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எத்தனையோ டாக்கர்ஃபைல்களில் ‘யூநேம் ஆர்’ கட்டளையின் விடையை எடுத்து, அந்தப் பதிப்புக்கான ஹெடர்களை நிறுவு என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். இமேஜ் கட்டும்போது அந்தக் கட்டளை சொல்வது, கட்டும் இயந்திரத்தின் கர்னலை. அது என் மேசைக் கணினியாக இருக்கலாம், அலுவலகத்தின் பில்டு சர்வராக இருக்கலாம். அடைபட்ட அறைக்குள் ஓடும் கர்னலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆகவே என் டாக்கர்ஃபைல்களில் அந்தக் கட்டளைக்கே இடமில்லை. இலக்குக் கர்னலின் பதிப்பு வெளியிலிருந்து ஒரு மாறியாக வரும்; வராவிட்டால் பில்டு உடனே நின்றுவிடும். முன்னிருப்பு மதிப்பு என்று எதையும் நான் வைப்பதில்லை.

பதிப்பு எண்ணைச் சரியாக வாங்கி, அதற்குரிய ஹெடர்களையும் வைத்துவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2024 தொடக்கத்தில் அந்த நினைப்பு பல இடங்களில் ஒரே நேரத்தில் முறிந்தது. உபுண்டு 22.04-க்குள் வன்பொருள் ஆதரவுக் கர்னல் வரிசையில் 6.5 வந்து இறங்கிய சமயம் அது. 22.04 பிறந்தபோது வந்த 5.15 கர்னல் ஜிசிசி 11 கொண்டு கட்டப்பட்டது. பிறகு வந்த 5.19, 6.2 இரண்டும் அப்படியே. 6.5 மட்டும் ஜிசிசி 12.3 கொண்டு கட்டப்பட்டிருந்தது. ஆனால் 22.04-இல் ‘ஜிசிசி’ என்று கேட்டால் கிடைப்பது அன்றும் இன்றும் 11 தான். ஹெடர் சரி, டிரைவர் சோர்ஸ் சரி, கம்பைலரும் இருக்கிறது. ஆனால் முதல் கோப்பிலேயே ‘இந்த ஆப்ஷன் எனக்குத் தெரியாது’ என்று ஜிசிசி கைவிரித்தது.

என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இதை எடுத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணா, ஹெடர் இருக்கு, ஜிசிசி இருக்கு, மேக்கும் ஓடுது. முதல் ஃபைல்லயே நின்னுடுது.”

“இந்த ஹெடரை எந்த கம்பைலர் வச்சுக் கட்டினாங்கன்னு கேட்டியா?”

“ஹெடர்கிட்ட போய் எப்படிண்ணா கேக்கறது?”

கேட்கலாம். அது பதில் சொல்லும். கர்னலைக் கட்டும்போது முதல் வேலையாகக் கான்ஃபிக் அமைப்பு ஓடுகிறது. 4.18 காலத்திலிருந்து அது கம்பைலரையே நேரடியாக விசாரிக்கிறது: நீ யார், எந்தப் பதிப்பு, இந்த ஆப்ஷன் உனக்குத் தெரியுமா, அந்த ஆப்ஷன் தெரியுமா? கிடைக்கும் விடைகள் எல்லாம் கான்ஃபிக் கோப்பில் எழுதப்பட்டுவிடுகின்றன. தொடக்க மதிப்பு தரப்படாத உள்மாறிகளைப் பூஜ்யமாக்கும் பாதுகாப்பு ஆப்ஷன் ஜிசிசி 12-இல்தான் வந்தது. 12 கொண்டு கட்டியவர்களின் கான்ஃபிக்கில் ‘இது உண்டு, ஆகவே இயக்கு’ என்று பதிவாகிவிட்டது. அந்தக் கான்ஃபிக் அப்படியே ஹெடர் பேக்கேஜுக்குள் வந்து சேர்கிறது. வெளியிலிருந்து ஒரு மாட்யூலைக் கட்டும்போது கான்ஃபிக் விசாரணை மறுபடி நடப்பதில்லை. பழைய விடைகளை நம்பி, அதே ஆப்ஷன்களைப் புதிய கம்பைலரின் தலையில் ஏற்றுகிறது கர்னலின் கட்டுமான அமைப்பான கேபில்டு. புதியவர் ஜிசிசி 11 என்றால் அவருக்கு அந்தச் சொல்லே தெரியாது. 11-இன் மேல் தவறில்லை, 6.5-இன் மேலும் தவறில்லை. ஒருவரிடம் கேட்டு எழுதிய குறிப்பை இன்னொருவர் கையில் கொடுத்ததால் வந்த வினை.

ஆகவே எந்தக் கம்பைலர் என்ற கேள்விக்கு விடை ஹெடர் பேக்கேஜுக்குள்ளேயே இருக்கிறது. பேக்கேஜை நிறுவ வேண்டியதில்லை, ‘டிபிகேஜி டெப்’ கட்டளையால் ஒரு கோப்பகத்தில் பிரித்துப் போட்டாலே போதும். மறைந்திருக்கும் கான்ஃபிக் கோப்பின் முதல் சில வரிகளுக்குள் கம்பைலரின் முழுப் பெயர், விநியோகம் இட்ட பதிப்புக் குறியோடு அப்படியே இருக்கும். அடுத்த வரிகளில் ஜிசிசியா கிளாங்கா என்றும், பதிப்பு 120300 என்பது போன்ற ஆறு இலக்க எண்ணாகவும் இருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் என்றால் ‘ப்ராக்’ கோப்பகத்தின் ‘வெர்ஷன்’ கோப்பைப் படித்தாலே கர்னலைக் கட்டிய கம்பைலர் தெரிந்துவிடும். அங்கே ஏற்கெனவே ஓடும் வேறொரு மாட்யூல் கையில் கிடைத்தால், ‘ரீட்எல்ஃப்’ கொண்டு அதன் ‘கமென்ட்’ பகுதியைப் பார்ப்பேன். கம்பைலர் தன் பெயரை அங்கேயும் எழுதிவைத்திருக்கும். இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் அடுத்த அடி. என் பில்டு ஸ்கிரிப்ட் முதலில் கான்ஃபிக்கைப் படித்து, அதில் சொல்லும் பெரும்பதிப்பு இமேஜுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் மேக் கட்டளைக்கு ‘சிசி’ மாறியாக அந்தக் கம்பைலரின் பெயரையே கொடுக்கும். இல்லையென்றால், என்ன வேண்டும், என்ன இருக்கிறது என்ற இரண்டையும் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

இந்தப் பொருத்தம் புதிதாக வந்த கெடுபிடி என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் முன்பு இது இன்னும் கறாராக இருந்தது. 2.6 வரிசையின் தொடக்கக் கர்னல்களில், ஒவ்வொரு மாட்யூலும் சுமந்த ‘வெர்மேஜிக்’ அடையாளச் சரத்திலேயே கம்பைலர் பதிப்பு இருக்கும். டெபியன் சார்ஜ் காலத்து 2.6.8 மாட்யூல் ஒன்றைப் பார்த்தால் கர்னல் பதிப்பு, பிராசசர் வகை ஆகியவற்றின் பின்னால் ‘ஜிசிசி 3.3’ என்று எழுதியிருக்கும். பொருந்தாவிட்டால் கர்னல் உள்ளே விடாது. அந்தக் கறாருக்கு வலுவான காரணம் இருந்தது. ஜிசிசி 2 வரிசையில், உறுப்பே இல்லாத வெற்று ஸ்ட்ரக்சருக்குத் தொடக்க மதிப்பு கொடுப்பதில் ஒரு பிழை. ஒற்றைப் பிராசசர் கர்னலில் ஸ்பின்லாக் என்பது வெற்று ஸ்ட்ரக்சர்தான். ஆகவே பழைய கம்பைலராக இருந்தால் அதற்குள் ஒரு போலி முழு எண்ணைப் போட்டுவிடு என்று ஹெடரில் எழுதிவைத்தார்கள். அந்த எண்ணின் பெயரே ‘ஜிசிசி_இஸ்_பக்கி’. விளைவு என்னவென்றால், ஒரே ஹெடரை இரண்டு கம்பைலர்கள் படித்தால் ஸ்ட்ரக்சரின் அளவே வேறாகும். ஸ்பின்லாக்கைத் தாங்கும் ஒவ்வொரு ஸ்ட்ரக்சரிலும் அதற்குப் பின்னால் வரும் உறுப்புகள் எல்லாம் நான்கு பைட் தள்ளிப்போய்விடும். கர்னல் ஓரிடத்தில் எழுதியதை மாட்யூல் இன்னோர் இடத்தில் படிக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

பின்னாளில் வெர்மேஜிக்கிலிருந்து கம்பைலர் பதிப்பை எடுத்துவிட்டார்கள். இனி எந்தக் கம்பைலரும் சரிதான் என்ற எண்ணம் அதிலிருந்துதான் பரவியது. கர்னலுக்குள் நிலையான இடைமுகம் ஏன் இல்லை என்று கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் இன்றும் கர்னல் சோர்ஸோடு வருகிறது. கம்பைலர் பதிப்பு மாறினால் ஸ்ட்ரக்சர்களின் ஒழுங்கமைவு மாறக்கூடும் என்பது அதில் அவர் சொல்லும் காரணங்களுள் ஒன்று. ஏற்றுமதிச் சின்னங்களுக்குச் சரிபார்ப்பு எண் போடும் ‘மாட்வெர்ஷன்ஸ்’ இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்பார்கள். அந்த எண் வழக்கமாக அறிவிப்புகளின் எழுத்து வடிவத்திலிருந்து கணக்கிடப்படுவது. எந்தக் கம்பைலர் அதை எத்தனை பைட்டாக அடுக்கியது என்று அதற்குத் தெரியாது.

2018 ஜனவரியில் பிராசசர்களின் ஸ்பெக்டர் பலவீனம் வெளியே தெரிந்தபோது கம்பைலர் மறுபடி நடுக்கூடத்துக்கு வந்தது. மறைமுகத் தாவல்களை ‘ரெட்போலின்’ என்ற மாற்று வழியில் அனுப்ப வேண்டும். அதை எழுதித் தர வேண்டியவர் கம்பைலர். அந்த மாதமே வெளிவந்த ஜிசிசி 7.3-இல் அந்த ஆதரவு வந்தது. கர்னல் மட்டும் ரெட்போலினோடு கட்டப்பட்டு, மாட்யூல் பழைய கம்பைலரில் கட்டப்பட்டால், பாதுகாப்புச் சுவரில் அந்த மாட்யூலின் அளவுக்கு ஓட்டை. கர்னல் அதை ஏற்றும்போது, ரெட்போலின் அறியாத கம்பைலரில் கட்டிய மாட்யூல் என்று பதிவேட்டில் எழுதிவைக்கும்.

அந்தச் சமயத்தில் எனக்குப் பிடிபட்ட ஒரு நுணுக்கத்தை இங்கே விரித்தே சொல்ல வேண்டும். ரெட் ஹாட் 7, சென்ட்ஓஎஸ் 7 இரண்டிலும் கர்னல் 3.10, ஜிசிசி 4.8.5. ரெட்போலின் ஆதரவை அவர்கள் அந்த 4.8.5-க்குள்ளேயே பின்னோக்கிக் கொண்டுவந்தார்கள். ஆக, ரெட்போலின் தெரியாத 4.8.5 ஒன்றும் தெரிந்த 4.8.5 ஒன்றும் உலகில் இருக்கின்றன. ‘ஜிசிசி வெர்ஷன்’ கேட்டால் இரண்டும் 4.8.5 என்றே தொடங்கும். வேறுபாடு அதற்குப் பின்னால் வரும் பேக்கேஜ் வெளியீட்டு எண்ணில்தான். பழைய வட்டிலிருந்து எடுத்த கம்பைலரையும் புதிய திருத்தக் கர்னலையும் சேர்த்து வைத்தவர்கள், பதிப்பு ஒன்றுதானே என்று மணிக்கணக்கில் முட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து நான் கம்பைலரை மூன்று எண்களால் குறிப்பதை விட்டுவிட்டேன். பேக்கேஜின் முழுப் பெயர், வெளியீட்டு எண்ணோடு, எழுத்துக்கு எழுத்து எழுதி வைக்கிறேன்.

ஜிசிசி சரியானது என்றால் எந்த அடிப்படை இமேஜிலும் கட்டலாமா? முடியாது. ஹெடர் பேக்கேஜ் என்று பெயர் இருந்தாலும், அதற்குள் வெறும் ஹெடர்கள் மட்டும் இல்லை. ‘ஃபிக்ஸ்டெப்’, ‘மாட்போஸ்ட்’, ‘ஆப்ஜ்டூல்’ போன்ற கருவிகள் கம்பைல் ஆன நிலையில் வருகின்றன. அவை, கர்னலைக் கட்டிய விநியோகத்தின் சி லைப்ரரியான ஜிலிப்சியோடு இணைக்கப்பட்டவை. உபுண்டு 20.04-இல் ஜிலிப்சி 2.31, 22.04-இல் 2.35, 24.04-இல் 2.39. நிறுவனத்தின் ‘அங்கீகரிக்கப்பட்ட அடிப்படை இமேஜ்’ 20.04 என்று இருக்கும், சர்வர் 22.04-க்கு மாறியிருக்கும், சர்வரின் ஹெடர்களை கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்வார்கள். ஃபிக்ஸ்டெப் ஓடும் முதல் நொடியிலேயே ‘ஜிலிப்சி 2.34 இல்லை’ என்று விழும். அங்கே கம்பைலரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. இமேஜ், கர்னல் பிறந்த தலைமுறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

மவுன்ட் செய்வதிலும் ஒரு பொறி உண்டு. ‘லிப் மாட்யூல்ஸ்’ கோப்பகத்தில் இருக்கும் ‘பில்டு’ என்பது கோப்பகம் அன்று, ‘யூஎஸ்ஆர் எஸ்ஆர்சி’யைச் சுட்டும் இணைப்பு. ஒன்றை மட்டும் மவுன்ட் செய்தால் இணைப்பு அந்தரத்தில் தொங்கும். உபுண்டுவில் ‘ஜெனரிக்’ ஹெடர் பேக்கேஜ் தனியாக நிற்காது. பொது ஹெடர் பேக்கேஜ் ஒன்றும் கூட வேண்டும். டெபியனிலும் ‘காமன்’, ‘கேபில்டு’ என்று துணைகள் உண்டு. வட்டில் ஒன்று விடுபட்டால் மற்றது பயனற்றது.

எதிர்த்திசையிலும் வழி அடைபட்டுத்தான் இருக்கிறது. புதிய இமேஜ், பழைய கர்னல் என்றால் கம்பைலர் அளவுக்கு மீறிப் புதியதாகிவிடும். 2016-இல் உபுண்டு 16.10, அடுத்த ஆண்டு டெபியன் 9 என இரண்டும், கட்டப்படும் எல்லா நிரல்களையும் இடம்பெயரத்தக்கவையாக ஆக்கும்படி ஜிசிசியின் முன்னிருப்பை மாற்றின. நல்ல மாற்றம்தான். ஆனால் அதை எதிர்பார்க்காமல் எழுதப்பட்ட பழைய கர்னல்களின் மேக்ஃபைல்களுக்கு ‘கர்னல் கோட் மாடல் இதை ஏற்காது’ என்ற பிழைதான் மிஞ்சியது. பழையதற்குப் புதியது எப்போதும் பொருந்தும் என்ற நம்பிக்கைக்கு இந்தத் தொழிலில் இடமில்லை.

கடினப்படுத்திய கர்னல்கள் சிலவற்றைக் கட்டும்போது ஜிசிசி பிளகின்கள் இயங்கும். ஸ்ட்ரக்சர் உறுப்புகளின் வரிசையையே கலைத்துப்போடும் ‘ராண்ட்ஸ்ட்ரக்ட்’ அவற்றுள் ஒன்று. ஹெடரோடு வரும் பிளகினைக் கட்டிய ஜிசிசியும் அதை இப்போது இயக்கும் ஜிசிசியும் ஒரே கட்டுமானமாக இருக்க வேண்டும்; தேதி முத்திரை வரை அது ஒப்பிட்டுப் பார்க்கும். இங்கே 12-க்கு 12 என்ற பெரும்பதிப்புப் பொருத்தம் போதாது. அதே பேக்கேஜ்தான் வேண்டும்.

இத்தனையையும் சொன்ன பிறகு சிலர் கேட்பது: பொருத்தம் பார்ப்பதையே அணைத்துவிடும் ஆப்ஷன் இருக்கிறதே? இருக்கிறது. என்விடியாவின் நிறுவி, கர்னலைக் கட்டிய கம்பைலரும் இப்போது கையில் இருப்பதும் ஒன்றல்ல என்றால் சொல்லும்; ‘இக்னோர் சிசி மிஸ்மேட்ச்’ என்ற மாறியை 1 ஆக்கினால் வாயை மூடிக்கொள்ளும். கர்னலின் மேக்ஃபைலும் இப்போது ‘கம்பைலர் வேறுபடுகிறது’ என்று எச்சரித்து இரண்டு பெயர்களையும் அச்சிடுகிறது. ஆனால் பில்டை நிறுத்துவதில்லை. என் நிலைப்பாடு இது: பெரும்பதிப்பு ஒன்றாக இருந்து, 12.2, 12.3 என்ற அளவில் வேறுபாடு இருந்தால், பிளகின் இல்லாத கர்னலில் அந்த எச்சரிக்கையை எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்துவிட்டு ஏற்றுக்கொள்கிறேன். பெரும்பதிப்பு வேறென்றால் அந்த மாறியைத் தொடவே விடமாட்டேன். அந்த மாறியால் அணைவது நிறுவியின் கேள்வி மட்டும்தான். கான்ஃபிக்கில் எழுதியிருக்கும் ஆப்ஷன்கள் அங்கேயேதான் இருக்கும். நல்ல நேரமாக இருந்தால் பில்டு உடைந்து உண்மை தெரியும். உடையாமல் கட்டி முடிந்துவிட்டால், அது சரியாகத்தான் இருக்கிறதா என்று சொல்ல யாரும் இல்லை. இணையம் உள்ள அலுவலகத்தில் மாட்யூல் ஒன்று இயந்திரத்தை விழவைத்தால் அன்றே திருத்தலாம். அடைபட்ட அறையில் அதே விழுதல் நள்ளிரவுப் பணியில் இருக்கும் ஒருவரின் தலையில் போய் விழும். அவர் கையில் இருப்பது நான் கொடுத்த வட்டு மட்டும்.

பயப்பட வேண்டாத செய்தி ஒன்றும் உண்டு. ‘விஎம்லினக்ஸ் கிடைக்காததால் பிடிஎஃப் உருவாக்கம் தவிர்க்கப்படுகிறது’ என்று மாட்யூலின் கடைசிக் கட்டத்தில் வரும். அதைப் பார்த்துப் பதறி, பெரிய பிழைதிருத்தப் பேக்கேஜ்களை வட்டில் ஏற்றியவர்கள் உண்டு. தடம்பிடிக்கும் கருவிகளுக்கு வேண்டிய தகவல் அது, மாட்யூல் அது இல்லாமலே இயங்கும்.

இந்தச் சிக்கலை அடியிலேயே யோசித்துத் தீர்த்தவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம். டெபியனில் கர்னல் ஹெடர் பேக்கேஜ், தன்னைக் கட்டிய ஜிசிசியைச் சார்புப் பேக்கேஜாகவே அறிவிக்கிறது. 6.1 கர்னலின் ஹெடரைக் கேட்டால் ஜிசிசி 12-ஐக் கைபிடித்து இழுத்துவரும். சார்புகளோடு பதிவிறக்கினாலே வட்டு நிறைவாகிவிடும். ரெட் ஹாட்டின் ஓபன்ஷிஃப்டில் ‘டிரைவர் டூல்கிட்’ என்று ஓர் இமேஜ் இருக்கிறது. அந்த வெளியீட்டின் கர்னலுக்குரிய டெவல் பேக்கேஜ்கள், பொருத்தமான கம்பைலர், கர்னல் பதிப்பைச் சொல்லும் சிறு ஜேசன் கோப்பு எல்லாம் அதில் உண்டு. வெளியீட்டுத் தொகுப்பிலேயே அது அங்கம் என்பதால், அடைபட்ட அறைக்கு வெளியீட்டைப் பிரதியெடுக்கும்போது தானாகக் கூட வந்துவிடுகிறது. கர்னலையும் கம்பைலரையும் பிரிக்காமல் ஒரே பொதியாக அனுப்பும் இந்த வழியை மற்றவர்களும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

அந்த வசதி இல்லாத இடங்களில் நாமே பொதி கட்ட வேண்டும். ‘22.04’ என்ற பெயர்ப்பட்டையை நம்பி அடிப்படை இமேஜை எடுக்கக் கூடாது. அதே பட்டையின் கீழ் உள்ளடக்கம் அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்கும். ஷா256 கைரேகையால்தான் எடுக்க வேண்டும். பேக்கேஜ்களுக்கு உள்ளூர் களஞ்சியம் ஒன்றை உருவாக்கி, இமேஜ் அதை மட்டும் பார்க்கும்படி வைப்பேன். பிறகு என் மேசையிலேயே நெட்வொர்க்கை முழுக்க அணைத்துவிட்டு ஒரு முறை கட்டுவேன். பில்டு ஆப்ஷனில் நெட்வொர்க்கை ‘நன்’ ஆக்கினால் மட்டும் போதாது. டாக்கர்ஃபைலின் முதல் வரியில் ‘சின்டாக்ஸ்’ அறிவிப்பு இருந்தால், அந்த வரியைப் படிப்பதற்கே டாக்கரின் பில்ட்கிட் வெளியிலிருந்து ஓர் இமேஜை இழுக்கப் போகும். இணையம் இருக்கும் மேசையில் அது கண்ணுக்கே தெரியாது. உள்ளே போன பிறகு முதல் வரியிலேயே நிற்கும். ஆகவே கேபிளையே பிடுங்கிவிட்டுக் கட்டிப் பார்ப்பதுதான் என் வழக்கம்.

பழைய கம்பைலர்களைச் சேர்த்துவைப்பது இந்தத் தொழிலின் பாதி. களஞ்சியங்கள் எப்போதும் நிலைத்திருக்கும் என்று எண்ணக் கூடாது. 2024 ஜூன் 30-இல் சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் முடிந்தது. அதன் கண்ணாடித் தளப் பட்டியல் முகவரி பதில் தருவதை நிறுத்தியதும், அதை நம்பியிருந்த பில்டுகள் எல்லாம் நின்றன. பேக்கேஜ்கள் ‘வால்ட்’ கிடங்கில் இருக்கின்றன என்பதால் முகவரியை மாற்றிக்கொள்ள முடிந்தது. டெபியனுக்கு ‘ஸ்னாப்ஷாட்’ சேவை இருக்கிறது. நாளைக் குறிப்பிட்டு அன்றைய களஞ்சியத்தை அப்படியே கேட்கலாம். உபுண்டுவில் காலாவதியான திருத்தங்கள் முதன்மைக் களஞ்சியத்திலிருந்து விலகினாலும் லான்ச்பேடில் தேடி எடுக்கலாம். இவற்றை நடத்துகிறவர்கள் செய்வது பெரிய தொண்டு. இருந்தாலும் என் வாடிக்கையாளரின் கர்னலுக்குரிய ஹெடர், கம்பைலர், பின்யூட்டில்ஸ், லிபெல்ஃப் ஆகியவற்றின் பிரதியை, அந்தக் கர்னல் ஓடும் நாள்வரை நானே வைத்திருக்கிறேன். லிபெல்ஃப் இல்லாமல் ஆப்ஜ்டூலின் வேலை முடங்கும். வட்டில் அடிக்கடி விடுபடும் சிறிய பேக்கேஜ் அதுதான்.

கட்டி முடித்த மாட்யூலை அதே கர்னல் ஓடும் மெய்நிகர் இயந்திரம் ஒன்றில் ஏற்றிப் பார்ப்பேன். அட்டை அங்கே இருக்காது. டிரைவர் ‘சாதனம் இல்லை’ என்று திரும்பலாம். ஆனால் வெர்மேஜிக்கும் சின்னங்களின் சரிபார்ப்பு எண்களும் அதற்கு முன்பே பார்க்கப்பட்டுவிடும். சாதனம் இல்லை என்ற விடை வந்தால் அவற்றைத் தாண்டியாயிற்று என்று பொருள்.

இப்போது சில இடங்களில் கிளாங் கொண்டு கட்டிய கர்னல்கள் வருகின்றன. ஆண்ட்ராய்டின் பொதுக் கர்னலும் கூகுளின் கன்டெய்னர் ஆப்டிமைஸ்டு ஓஎஸ்ஸும் அப்படித்தான். அங்கே கான்ஃபிக்கில் ‘சிசி இஸ் கிளாங்’ என்று இருக்கும்; மேக்குக்கு ‘எல்எல்விஎம் 1’ என்று சொல்லி லிங்கர் உட்பட முழுக் கருவிப்பெட்டியையும் மாற்ற வேண்டும். கான்ஃபிக்கைப் படித்துவிட்டுத் தொடங்கும் ஸ்கிரிப்டுக்கு இது இன்னொரு கிளை மட்டுமே.

புதிய இடத்தில் வேலை தொடங்கும் முன் நான் கேட்பது நான்கு கோப்புகள்: ‘ப்ராக்’ வெர்ஷன் கோப்பின் பிரதி, ‘பூட்’ கோப்பகத்தில் இருக்கும் கர்னல் கான்ஃபிக், நிறுவப்பட்ட கர்னல் பேக்கேஜ்களின் முழுப் பெயர்ப் பட்டியல், ஏற்கெனவே ஏற்றப்பட்டுள்ள மாட்யூல்களின் பட்டியல். அடுத்து, அங்கே திருத்தங்களை ஏற்றும் குழு எது, அவர்கள் எந்த நாளில் கர்னலை மாற்றுகிறார்கள் என்று கேட்பேன். அடைபட்ட அறைகளிலும் கர்னல் மாறும்; மாற்றும் குழு வேறு, டிரைவரைப் பார்க்கும் குழு வேறு. மறுதொடக்கம் ஆனதும் ஜிபியு காணாமல்போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். ஆகவே கர்னல் பேக்கேஜ்களை ‘ஹோல்டு’ நிலையில் வைக்கச் சொல்கிறேன். அவர்களின் மாதாந்தரத் திருத்தப் பட்டியலில் கர்னல் வரிக்கு நேராக இரண்டாவது கட்டம் ஒன்றையும் சேர்க்கச் சொல்கிறேன்: அந்தக் கர்னலின் கான்ஃபிக்கில் உள்ள கம்பைலர் பெயர், அது எந்த வட்டில் இருக்கிறது என்ற குறிப்பு. அந்த இரண்டாவது கட்டம் காலியாக இருக்கும் மாதத்தில் ஹோல்டை எடுக்க வேண்டாம் என்று அவர்களிடம் எழுதி வாங்கிக்கொள்கிறேன்.